பார்த்துப் போகச் சொல்றீங்களே, தெரிஞ்சாத்தானே பார்க்க?

செமஸ்டர் பரீட்சை முடிஞ்சாச்சு. காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர் எப்படி எழுதினேன்னு யாரும் கேக்காதீங்க, அப்புறம் அழுதுடுவேன் :-)

இன்னைக்கு எழுதப் போறது மேம்பாலம் இறங்குற இடத்தைப் பத்தி. "பி.காம் படிக்கிறவனுக்கும் பாலத்துக்கும் என்னடா சம்பந்தம்?"னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். என் சித்தப்பாவோட வலது கால்தான் சம்பந்தம்.

சித்தப்பா ஒரு ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிறார். ஆப்நைட் ஷிப்ட் முடிச்சுட்டு ராத்திரி பன்னிரண்டரை, ஒரு மணிக்கு சைக்கிளில் வீட்டுக்கு வருவார். இருபது வருஷமா அதே சைக்கிள், அதே வழி. நடுவில் ஒரு மேம்பாலம் வந்தது (எந்தப் பாலம்னு சொல்லப் போறதில்லை. ஒரு பாலத்தைத் திட்டுறது என் நோக்கம் இல்லை). பாலத்து மேலே சைக்கிள் ஏத்த முடியாது, அதனால பக்கத்துல இருக்கிற சர்வீஸ் ரோட்டில்தான் வருவார். பாலம் இறங்கி சர்வீஸ் ரோட்டோட சேர்ற இடத்துல, இடது ஓரமா ஒரு வேன் நின்னுட்டிருந்தது. அதைச் சுத்தி வர்றதுக்காக கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கினார். அதே நேரம் பாலத்தில் இருந்து ஒரு கார் இறங்கியது. அவ்வளவுதான்.

கார் ஓட்டின தம்பி ஓடிப் போகலை. என் வயசுக்கு ரெண்டு மூணு வயசு கூட இருக்கும். அவரே தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார். நாங்க போனப்போ வராண்டாவுல உட்கார்ந்து அழுதுட்டிருந்தார். "தெரியவே இல்லைங்க, சத்தியமாத் தெரியவே இல்லைங்க"ன்னு அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். விசாரிக்க வந்தவர் சித்தப்பாவைப் பார்த்துக் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "ஏனய்யா, பார்த்து வரக் கூடாதா?"

அப்புறம் நான் கேட்டேன். சித்தப்பா சொன்னார்: "பார்த்தேன் கண்ணு. செவுருதான் தெரிஞ்சுது."

இந்தப் பதிவே அந்த ஒரு வரிக்காகத்தான். ரெண்டு பேரும் பார்த்திருக்காங்க. ரெண்டு பேருக்கும் தெரியலை. அப்போ குற்றம் பார்த்தவங்க மேலயா, பார்க்க முடியாதபடி கட்டி வச்சவங்க மேலயா?

டேப் எடுத்துட்டுப் போனோம்

என் பள்ளிக்கூட நண்பன் ஒருத்தன் சிவில் படிக்கிறான். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில் ஆறு மணிக்கு ரெண்டு பேரும் டேப்பை எடுத்துக்கிட்டு அந்த இடத்துக்குப் போனோம். (டீக்கடைக்காரர் "தம்பி, ரோடு அகலம் பண்ணப் போறாங்களா?"ன்னு பயந்து போய்க் கேட்டார். பாவம்.)

முதல்ல ஒரு சின்ன பாடம். வண்டி ஓட்டுறவன் ஒரு ஆபத்தைப் பார்த்த நிமிஷத்தில் இருந்து வண்டி நிக்கிற வரைக்கும் எவ்வளவு தூரம் போகும்? இதுக்கு நம்ம நாட்டில் கணக்கு போட்டு வச்சிருக்காங்க. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்னு ஒரு அமைப்பு (கட்சி இல்லைங்க, 1934-ல் ஆரம்பிச்ச சாலைப் பொறியாளர்கள் அமைப்பு). அவங்க விதிப்படி, பார்த்து, புரிஞ்சு, பிரேக்கில் கால் வைக்கிறதுக்கே 2.5 நொடி. அதுக்கப்புறம் டயர் தேய்ஞ்சு நிக்கிற தூரம். ரெண்டையும் கூட்டினா 30 கி.மீ. வேகத்துக்கு 30 மீட்டர், 50 கி.மீ. வேகத்துக்கு 60 மீட்டர், 60 கி.மீ. வேகத்துக்கு 80 மீட்டர். இது சமதளத்துக்கு. இறக்கத்துல இன்னும் கொஞ்சம் கூடும். அதாவது 50 கி.மீ. வேகத்தில் வர்றவனுக்கு, குறுக்கே வரப்போகிற ஆள் குறைஞ்சது 60 மீட்டர் முன்னாடியே கண்ணுல படணும். இல்லைன்னா அவன் எவ்வளவு நல்ல டிரைவரா இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

இப்போ எங்க பாலத்துக்கு வருவோம். இறங்குற பகுதியோட ரெண்டு பக்கமும் மண் கொட்டி சுவர் எழுப்பியிருக்காங்க. அதுக்கு மேல கான்கிரீட் தடுப்பு, உயரம் 90 சென்டிமீட்டர், சுமார் மூணு அடி. சரிவு ஏறக்குறைய முப்பதுக்கு ஒண்ணு, அதாவது 30 மீட்டர் போனா 1 மீட்டர் இறங்கும். கார் ஓட்டுறவர் கண் தரையில் இருந்து 1.2 மீட்டர் உயரத்துல இருக்கும்னு விதி எடுத்துக்குது. சைக்கிளில் உட்கார்ந்திருக்கிற ஆளோட தலை ஒரு 1.6 மீட்டர். காரும் சைக்கிளும் தடுப்பில் இருந்து ஆளுக்கு 3 மீட்டர் தள்ளி வர்றதா வச்சுக்கிட்டோம்.

நண்பன் பேப்பரில் கோடு போட்டுக் காட்டினான். எனக்கே ஆச்சரியம். வெறும் தடுப்பு மட்டும் இருந்திருந்தா பிரச்சினை அவ்வளவு பெருசில்லை! பாலம் முடியுற இடத்துக்கு சைக்கிள் 30 மீட்டர் தூரத்துல வரும்போதே தடுப்புக்கு மேல தலை தெரிய ஆரம்பிச்சுடும். சைக்கிள் அந்த 30 மீட்டரைக் கடக்க ஏழு நொடி ஆகும். அந்த ஏழு நொடியில் 50 கி.மீ. வேகத்துல வர்ற கார் 100 மீட்டர் வரும். ஆக, மோதப் போகிற கார் 100 மீட்டர் தூரத்துல இருக்கும்போதே தலை தெரிஞ்சிருக்கும். தேவை 60. கிடைக்கிறது 100. தாராளம்.

அப்போ ஏன் தெரியலை?

ஏன்னா தடுப்பு மேல இரும்புச் சட்டம் அடிச்சு விளம்பரப் பலகை வச்சிருக்காங்க. நாலடி உயரம். வரிசையா. பாலம் தரையைத் தொடறதுக்கு 10 மீட்டர் முன்னாடி வரைக்கும்.

பலகையோட கணக்குப் போட்டா, காரும் சைக்கிளும் ஒருத்தரை ஒருத்தர் முதல்முறையா பார்க்கிற நேரத்தில் கார் இருக்கிற தூரம் சுமார் 15 மீட்டர். 50 கி.மீ. வேகத்துக்கு அது ஒரே ஒரு நொடி. பிரேக்கில் கால் வைக்கவே 2.5 நொடின்னு விதிப்புத்தகம் சொல்லுது. ஒரு நொடியில் கண்ணைத்தான் மூட முடியும்.

100 மீட்டரை 15 மீட்டர் ஆக்கினது எது? ஒரு நகைக்கடை விளம்பரமும் ஒரு ரியல் எஸ்டேட் விளம்பரமும். "உங்கள் கனவு இல்லம்"னு போட்டிருந்தது. சித்தப்பா மூணு மாசம் அவரோட கனவில்லாத இல்லத்துல படுத்திருந்தார்.

"சைக்கிள்காரன் திரும்பிப் பார்க்கலாமே?"

இதை நிறைய பேர் என்கிட்ட கேட்டாங்க. பார்க்கலாம். காருக்கு அவர் தெரியலைன்னா அவருக்கும் கார் தெரியாது, நேர்கோடு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். அது மட்டுமில்லை. அவர் பார்க்க வேண்டியது பின்னாடி, வலது பக்கம், மேலே. சைக்கிளுக்குக் கண்ணாடி கிடையாது. கீழே ஜல்லி, முன்னாடி நிக்கிற வேன். கழுத்தைப் பின்னாடி திருப்பிக்கிட்டே மிதிச்சுப் பாருங்க, தெரியும்.

"சைக்கிள்காரங்க எதிர்த்திசையில் வர்றாங்க, விளக்கு போடறதில்லை." உண்மைதான். சித்தப்பா சைக்கிளில் விளக்கு இல்லை. அது தப்பு, இப்போ நான் ஒண்ணு மாட்டி விட்டுட்டேன். ஆனா பலகைக்குப் பின்னாடி இருக்கிற விளக்கும் தெரியாதுங்க. எதிர்த்திசையில் வர்றவங்களைக் கேளுங்க, ஏன் வர்றீங்கன்னு. ரோட்டைக் கடக்க ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பி வரணும். காருக்கு அது ரெண்டு நிமிஷம். மிதிக்கிறவனுக்கும் நடக்கிறவனுக்கும்?

"வேகம்தான் காரணம், டிசைன் இல்லை." இதுவும் பாதி உண்மை. ஆனா பாலத்தைக் கட்டுறதே வேகமாப் போகத்தான். சிக்னல் இல்லாம, தடங்கல் இல்லாம, நேரா அகலமா ரோடு போட்டுக் கொடுத்துட்டு, கடைசி அம்பது மீட்டர்ல மட்டும் "மெதுவாகச் செல்லவும்"னு ஒரு போர்டு வச்சா மனுஷன் கால் கேக்குமா? மனுஷன் தப்பு பண்ணுவான்னு ஒத்துக்கிட்டு, அந்தத் தப்புக்கு உயிர் போகாத மாதிரி ரோடு போடணும்னு ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997-லேயே கொள்கை முடிவு எடுத்தது. நாம இன்னும் "பார்த்துப் போகக் கூடாதா"விலேயே நிக்கிறோம்.

நடக்கிறவங்க கதை

சைக்கிள் மட்டும் இல்லை. அன்னைக்கு அங்கே அரை மணி நேரம் நின்னு பார்த்தோம். பஸ் ஸ்டாப் எங்கே இருக்கு தெரியுமா? பாலம் இறங்குற இடத்துல இருந்து நாப்பது அடியில். பாலத்துக்கு அடியில் இருந்து வர்ற ஜனம், சுவர் முடியுற முனையில் எட்டிப் பார்த்துட்டு, கையைக் காட்டிக்கிட்டே ஓடுது. பூக்கூடையோட ஒரு அம்மா மூணு தடவை கால் வச்சு மூணு தடவை பின்வாங்கினாங்க. பெரியவங்க தலையாவது தடுப்புக்கு மேல கொஞ்சம் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளையும், சக்கர நாற்காலியில் வர்றவங்களும்? அவங்க தலை உயரம் கிட்டத்தட்ட அந்தத் தடுப்பு உயரம்தான். வண்டிக்காரனைப் பொறுத்தவரை அவங்க இல்லவே இல்லை.

நடைபாதையில் போகலாமேன்னா, அது இன்னொரு கூத்து. வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை, கார் ஏத்த சிமெண்டில் சாய்தளம் போட்டு நடைபாதையையே சறுக்குமரம் ஆக்கிட்டோம். இதுல அரசாங்கத்தைத் திட்ட முடியாது, இது நாமளே செஞ்சது. எங்க தெருவில் எங்க வீட்டு வாசலிலும் ஒண்ணு இருக்கு (அப்பா இதைப் படிச்சா எனக்கு இன்னைக்கு சோறு கிடையாது). கார் உள்ளே போறதுக்கு சாய்தளம் போடத் தெரிஞ்ச நமக்கு, ஒரு சக்கர நாற்காலி ஏற பன்னிரண்டுக்கு ஒண்ணுன்னு சரிவு இருக்கணும்ங்கிற விதி மட்டும் தெரியறதில்லை.

2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் செத்தவங்க 1,68,491 பேர். அதுல 32,825 பேர் நடந்து போனவங்க. இது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட கணக்கு. அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் யாருக்கு? நம்ம தமிழ்நாட்டுக்குத்தான், 64,105. காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதை என்பது அரசியல் சட்டம் 21-வது பிரிவில் தர்ற உரிமையோட ஒரு பகுதின்னு சொன்னது. அந்த உத்தரவு வந்த வழக்கை 2012-ல் போட்டது எங்க கோயமுத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். முறிஞ்ச எலும்பையே பார்த்துட்டிருந்த டாக்டர் கோர்ட்டுக்குப் போக வேண்டி இருந்தது. ரோடு போடறவங்க யாரும் போகலை.

இனி என் பாடம்: கணக்கு

முதல் வருஷத்துல எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் விஷயம், ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. ஒரு பக்கம் மட்டும் எழுதினா அது கணக்கு இல்லை, கதை.

எங்க ஊர் அவிநாசி ரோட்டில் 10.1 கி.மீ. நீளத்துக்கு உயர்மட்டப் பாலம் 2025 அக்டோபரில் திறந்தாங்க, ஜி.டி. நாயுடு பேரு. செலவு 1,791 கோடி. நானும் பஸ்ஸில் போனேன், சூப்பரா இருக்கு, இல்லைன்னு சொல்லலை. எந்தப் பாலம் திறந்தாலும் பேப்பரில் வர்ற முதல் செய்தி "பயண நேரம் இத்தனை நிமிடம் குறையும்". அது வரவு. சரி. பற்று எங்கே? காருக்கு மிச்சமான நிமிஷத்துல கொஞ்சம், கீழே ரோட்டைக் கடக்கக் காத்து நிக்கிற அந்தப் பூக்கூடை அம்மாவோட நிமிஷத்துல இருந்து எடுத்ததுதான். அது எந்த மதிப்பீட்டிலும் வர்றதில்லை. சித்தப்பாவோட மூணு மாச சம்பளம், காலில் வச்ச பிளேட், சித்தி நகை அடகு வச்ச வட்டி, இதெல்லாம் எந்தப் பேரேட்டில் எழுதியிருக்கு? பலகை வாடகை மட்டும் யாரோ ஒருத்தர் கணக்கில் வருமானமா ஒழுங்கா ஏறிட்டிருக்கும்.

எங்க திருச்சி ரோடு ராமநாதபுரம் - சுங்கம் மேம்பாலம் 2022 ஜூனில் திறந்தது. சில மாசத்துக்குள்ளேயே பாலத்து வளைவில் பைக்கில் போனவங்க செத்துப் போனாங்க. அப்புறம்தான் பாலத்தை மூடி, வேகத்தடை போட்டு, திரும்பத் திறந்தாங்க. வேகத்தடை போட என்ன பெரிய செலவு? சாவுக்கு முன்னாடி போட்டாலும் அதே செலவுதானே? நம்ம ஊர்ல பாலத்தைச் சோதிச்சுப் பார்க்கிறது பொறியாளர் இல்லை, முதல்ல அதில் போய் விழறவன்தான்.

சட்டம் இல்லையான்னா, இருக்கு. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 198ஏ-ன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு தரப்படி இல்லாம, அதனால உயிரோ உறுப்போ போனா, பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்தக்காரருக்கோ ஆலோசகருக்கோ அபராதம் உண்டு. எவ்வளவு? அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய். அந்த 1,791 கோடியைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. இதைத் தண்டனைன்னு சொல்ல முடியாது, சில்லறைச் செலவுன்னு எழுதி மூடிடலாம்.

என்ன செய்யலாம்?

திட்டிட்டு மட்டும் போனா நல்லா இருக்காது. பெரிய ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் கேக்கலை.

1. பாலம் இறங்குற சரிவு முழுக்க, தடுப்பு மேல ஒண்ணும் கூடாது. விளம்பரம், பேனர், பூந்தொட்டி, கட்சிக்கொடி எதுவும். 2019-ல் சென்னையில் பேனர் விழுந்து ஒரு பெண் செத்த பிறகும் நமக்குப் பாடம் வேணுமா?

2. பாலத்து வண்டியும் சர்வீஸ் ரோடும் இறங்கின உடனே கலக்கக் கூடாது. கீழே வந்த பிறகும் கொஞ்ச தூரம் நடுவுல கோடு போட்டு, கம்பம் நட்டுப் பிரிச்சு வைங்க. ஒருத்தரை ஒருத்தர் பார்த்த பிறகு கலக்கட்டும். அந்த இடத்துல வேன், ஆட்டோ நிறுத்த விடாதீங்க.

3. வேகத்தைக் குறைக்கிற வேலையை போர்டுகிட்ட விடாதீங்க, ரோட்டுகிட்ட விடுங்க. சரிவு முடியறதுக்கு முன்னாடியே தடதடன்னு அதிர்ற பட்டைகள், கீழே நடக்கிறவங்க கடக்க மேடான குறுக்குப்பாதை.

4. பஸ் ஸ்டாப்பையும் கடக்கிற இடத்தையும் பாலம் முடியுற முனையில் வைக்காதீங்க. குறைஞ்சது வண்டி நிக்கிற தூரத்துக்கு அப்பால் தள்ளுங்க. அதுக்காக ஒரு கிலோமீட்டர் தள்ளிடாதீங்க சாமி.

5. திறக்கிறதுக்கு முன்னாடி பாதுகாப்புத் தணிக்கை. அதுக்கும் ரோட்ஸ் காங்கிரஸ் கையேடு போட்டு வச்சிருக்கு. நான் கேக்கிறது ஒரே ஒரு திருத்தம்: தணிக்கை செய்றவர் ஒரு தடவை காரில், ஒரு தடவை சைக்கிளில், ஒரு தடவை நடந்து போகட்டும். அதுல ஒரு தடவை ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு.

நாங்க மனு எழுதிக் கொடுத்திருக்கோம், நண்பன் போட்ட படத்தோட. வாங்கி வச்சுக்கிட்டாங்க. "இது எங்க பிரிவு இல்லை தம்பி, பலகை வேற பிரிவு, ரோடு வேற பிரிவு"ன்னாங்க. சரி, ரெண்டு பிரிவுக்கும் ஒரு காப்பி கொடுத்தோம். இன்னும் பதில் வரலை. பலகையில் விளம்பரம் மட்டும் மாறியிருக்கு, இப்போ ஒரு மெத்தைக் கம்பெனி.

சித்தப்பா போன வாரத்தில் இருந்து திரும்ப வேலைக்குப் போறார். சைக்கிள்தான், வேற வழி இல்லை. இப்போ அந்த இடம் வந்ததும் இறங்கி, தள்ளிக்கிட்டே நடந்து, சுவர் முனையில் நின்னு எட்டிப் பார்த்துட்டுப் போறாராம். அம்பத்தோரு வயசு, காலுக்குள்ள இரும்பு. ஷிப்ட் முடிஞ்சு வர்ற அலுப்புல, தினமும். அவர் பார்த்துத்தான் போறார்.

நீங்க தெரியற மாதிரி வைங்க.

டிஸ்கி: மேலே சொன்ன 100 மீட்டர், 15 மீட்டர் எல்லாம் நாங்க டேப்பும் பேப்பரும் வச்சுப் போட்ட கணக்கு. தடுப்புக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி மாறினா கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். சந்தேகம் இருந்தா உங்க ஊர் பாலத்துக்கு ஒரு டேப்போட போய் நீங்களே அளந்து பாருங்க. பார்த்துப் போங்க :-)